ஏழு நாள் கோடு

செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் கொத்தனார் ஒரு நிபந்தனை போட்டார். அவளும் வீட்டிலுள்ளவர்களும் ஏழு நாள் கோட்டுக்குள் குடியிருந்து காட்ட வேண்டும்.

"புரியலையே," என்றான் அவள் கணவன்.

"சுண்ணாம்புப் பவுடர்ல தரையில சுவர் போட்டுருவேன் சார். மைதானத்துல போடுவாங்களே, அந்த மாதிரி. சுவர் வர்ற இடத்துல கோடு இருக்கும். கதவு வர்ற இடத்துல கோடு விட்டுப்போயிருக்கும். ஒரு வாரம் அதுல புழங்குங்க. பெருக்கும்போது கோட்டைக் கலைக்காதீங்க, கலைஞ்சா திரும்பப் போடாதீங்க. நான் வந்து பார்ப்பேன். எந்தக் கோடு நிக்குதோ அதுமேல கல்லு வைப்பேன். எது காலடியில போச்சோ, அங்க சுவரு வேணாம்னு அர்த்தம்."

"பிளான்தான் காகிதத்துல போட்டாச்சே."

"காகிதத்துல யாரும் நடக்கறதில்லையே சார்."

கொத்தனாரின் மனைவிதான் அவருக்குச் சித்தாள். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் சிரித்தாள். "கட்டி முடிச்சு பெயிண்ட் அடிச்சப்புறம், ஐயோ இங்க ஒரு வழி விட்டிருக்கலாமேம்பாங்க. அவரு இடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. இடிச்ச கல்லையெல்லாம் சுமக்கறது இந்தத் தலைதானே. அதான் சார் இந்த ஏற்பாடு."

அந்த வீடு குடியிருப்பதற்காகக் கட்டியது இல்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், வாரக் கடைசியில் நண்பர்களோடு வந்து தங்குவதற்காகக் கணவன் ஆசை ஆசையாகக் கட்டிய பண்ணை வீடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே கூடம். சமையல் மேடையும் அதிலேயே ஒரு பக்கமாக நின்றது. கூரையிலிருந்து நீள நீளக் கம்பியில் விளக்குகள் தொங்கின. துணி காயப்போட ஒரு ஆணி கிடையாது, மளிகை சாமான் வைக்க ஓர் அலமாரி கிடையாது. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியதில், இருப்பவர்களுக்கு மறைவு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. மூன்று மணிக்கு மேல் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் ஆறு மணி வரை எழுந்து போகாது.

இனிமேல் இதுதான் வீடு. ஐம்பதைத் தாண்டியவர்களைக் கம்பெனி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியதில் கணவனும் ஒருவன். நகரத்து அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. அந்த அடுக்குமாடி வீடு அவள் பெயரில் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வாங்கியது. வேலையையும் விட்டாகிவிட்டது, இங்கிருந்து தினம் போய் வருகிற தூரம் இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி.

"அதுக்கென்ன, தாராளமா," என்றான் கணவன். பேனாவை அவன்தான் மூடி திறந்து கொடுத்தான்.

கையெழுத்துக்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன.

"அண்ணி, அந்த ரூம்ல என்ன பண்ணப் போறீங்க? தையல் மெஷின் ஏதாவது போடறீங்களா?" என்று கொழுந்தன் கேட்டான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவன். காதில் மாட்டிய கருவியோடு பகல் முழுக்க எந்தெந்த நாட்டுக்காரர்களோடோ பேசுவதுதான் அவன் உத்தியோகம்.

"இல்லப்பா. ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்ல."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தோளைக் குலுக்கினான். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்கும்மாடி நாலு சுவரு? கூடத்துலயே ஒண்ணும் பண்ணாம இருக்கலாமே. நான் இருக்கேன்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அனுமதியின்றி உள்ளே வராதீர் என்று எழுதியிருக்கும். டாக்டரே தட்டிவிட்டுத்தான் வருவார். அந்தக் கதவுக்குப் பின்னால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, தான் யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு ஆளாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அதை இவர்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது? சொன்னால், நாங்க என்ன உன்னைப் பாடாப் படுத்தறோமா என்று கேட்பார்கள். படுத்தவில்லைதான். கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

கொத்தனார் நூல் பிடித்துக் கோடு போட்டார். சித்தாள் டப்பாவிலிருந்து சுண்ணாம்பை விரலிடுக்கில் வழியவிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். நாலரை அங்குல அகலம், ஒரு பிசகு இல்லை. கூடத்தின் மேற்கு ஓரம், குளியலறையை ஒட்டி, மாமனாருக்கு. வடக்கு மூலையில் கொழுந்தனுக்கு ஆபீஸ் அறை. தெற்கே சமையல் பகுதிக்கும் ஒரு சுவர். இவை மூன்றுக்கும் நடுவில், கிழக்குச் சுவரின் ஜன்னலை ஒட்டி மிஞ்சிய பத்துக்குப் பத்து இடம் அவளுக்கு. சமையலறைப் பக்கமாக ஒரே ஒரு வாசல். கீழே ஏற்கெனவே இருக்கிற படுக்கையறை கணவனுக்கு, மாடி மகளுக்கு.

சித்தாள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது யாருக்கும்மா, நடுவுல?"

"எனக்கு."

"உங்களுக்கா? தனியாவா?" அவள் வெற்றிலைச் சாறை விழுங்கினாள். "கொடுத்து வச்சவங்க."

முதல் நாள் ஒரே விளையாட்டாக இருந்தது. பதினேழு வயது மகள், இல்லாத சுவரில் இல்லாத ஆணி அடித்து இல்லாத படம் மாட்டினாள். மாமனார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். கோட்டை அவர் தண்டவாளமாகவே எடுத்துக்கொண்டார். வாசல் விட்ட இடத்தில் வந்து நின்று, இருபுறமும் பார்த்து, "லைன் கிளியர்" என்று சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைத்தார். கொழுந்தன் தன் கோட்டின் மேல் நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, ஒரு அட்டையில் 'மீட்டிங் நடக்கிறது' என்று எழுதித் தொங்கவிட்டான். காற்றுக்குக்கூட உள்ளே போக அவன் அனுமதி வேண்டும்போல இருந்தது.

அவள் தன் இடத்தில் ஒரு பாயை விரித்தாள். ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தாள். சுற்றிலும் வெள்ளைக் கோடு. இதுதான் என் சுவர் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, சின்னப் பெண்கள் சொப்பு வைத்து விளையாடுவதைப் போல.

"அம்மாடி, என் கண்ணாடியைப் பார்த்தியா?"

எழுந்து போனாள்.

பெருக்குவதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. துடைப்பம் போட்டால் சுண்ணாம்பு பறக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் கோட்டின் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டே நகர்வாள். தினம் காலையில் ஒரு மணி நேரம். மாமனார் கோடு முப்பது அடி, கொழுந்தன் கோடு இருபத்தைந்து அடி. ஒரு நாள் துணி முனை பட்டு மாமனார் கோட்டில் ஒரு விரல் அளவு கலைந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்து, "தடம் புரண்டிருக்கே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சாயங்காலம் வரை அந்த ஒரு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் கோட்டை அவள் கடைசியில்தான் துடைப்பாள். அதற்குள் அடுப்பில் பால் வைக்க நேரமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் கணவன் போனில் பேசிக்கொண்டே அவள் அறைக்குள் நடந்து வந்தான், மறுபுறம் வெளியேறினான். சுவர் வழியாக வந்து சுவர் வழியாகப் போனான்.

"இது என் ரூம்," என்றாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டான். "என்ன?"

"சுவர் மேல நடந்து போறீங்க."

குனிந்து பார்த்தான். "அட, ஆமா. சாரி சாரி." மீண்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல, வீட்ல கோட்டைத் தாண்டிட்டேனாம்." அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது அவளுக்கே கேட்டது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அதைப் பேச்சாக எடுத்தாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இனிமேல் ஒருத்தரும் தாண்டக் கூடாது என்று மாமனார் உத்தரவே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு உண்மையிலேயே ஒருத்தரும் தாண்டவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்கள்.

"அம்மாடி, வெந்நீர்."

"அண்ணி, நெட் போயிருச்சு, அந்த டப்பாவைக் கொஞ்சம் ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்களா? மீட்டிங்ல இருக்கேன்."

"அம்மா, என்னோட நீல பாட்டம் எங்க?"

"இந்தா, யாரோ வந்திருக்காங்க பாரு."

எட்டாம் நாள் காலையில் கொத்தனாரும் சித்தாளும் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்த வைத்தியர் மாதிரி கொத்தனார் வீடு முழுக்க நடந்தார்.

"பெரியவர் கோடு கூடத்துப் பக்கம் அப்படியே நிக்குது. சின்னவர் கோடும் போட்ட மேனிக்கு இருக்கு. சமையக்கட்டுக் கோடும் பரவால்ல." நடுவில் வந்து நின்றார். உதட்டைப் பிதுக்கினார். "இதுதான் போச்சு."

போயிருந்தது. மேற்கே மாமனார் அறைப் பக்கம் மூன்றடி அகலத்துக்குச் சுண்ணாம்பே இல்லை. வடக்கே கொழுந்தன் பக்கமும் அப்படியே. மிச்சமிருந்த இடங்களில் வெள்ளை சாம்பலாகித் தரையோடு தேய்ந்திருந்தது.

"பாத்தியா?" என்றான் கணவன். "வீடே சொல்லுது. அதை ஓப்பனா விட்டுட்டா காத்தோட்டமாவும் இருக்கும்."

"இவங்கதான் நடந்தாங்க," என்றாள் அவள். "நான் சொல்லச் சொல்ல நடந்தாங்க. திரும்பக் கோடு போடுங்க. இன்னொரு வாரம் பாருங்க."

"அம்மாடி, நாங்க மூணாம் நாளுக்கு அப்புறம் தாண்டவே இல்லையே," என்றார் மாமனார். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை.

கொத்தனார் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். சித்தாள்தான் குனிந்து உட்கார்ந்தாள். கலைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தடங்களை விரலால் காட்டினாள். அவசரமாகப் போனவரின் தடம், முன்பாதம் மட்டும் அழுந்தி. இடது குதிகாலில் செருப்பு தேய்ந்து, அரை வட்டமாக.

"செருப்பைக் காட்டுங்கம்மா."

அவள் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் செருப்புப் போட்டு நடப்பவள் அவள் ஒருத்திதான். குதிகால் வலிக்காக டாக்டர் போடச் சொன்ன செருப்பு.

வாசல் சமையலறைப் பக்கம் இருந்தது. அதன் வழியாகப் போனால் மாமனார் அறைக்குச் சுற்றிக்கொண்டு நாற்பது அடி. கூப்பிட்ட குரலுக்கு நாற்பது அடி நடந்து போக அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒருதடவைகூடத் தோன்றவில்லை. அம்மாடி என்ற சொல்லின் கடைசி எழுத்து முடிவதற்குள் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து முறை, இருபது முறை. தன் சுவரைத் தானே. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். எல்லார் முகத்திலும் கரிசனம் இருந்தது.

"அழாதீங்கம்மா," என்று சித்தாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "என் வீட்டுல கோடு போட்டாலும் இதே கதைதான். அதான் நான் போடறதே இல்ல."

"சுவர் வேணும்," என்றாள் அவள். "கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கணவன் தொண்டையைச் செருமினான். "கட்டாதன்னு யாரு சொன்னா? கட்டுங்க மேஸ்திரி. அவ ஆசைப்படறா."

கொத்தனார் தரையைப் பார்த்தபடி யோசித்தார். அவர் தொழிலுக்கு ஒரு நேர்மை இருந்தது. "கட்டிருவோம்மா. ஆனா கால் போன இடத்தை என்னால அடைக்க முடியாது. நாளைக்கே இடிக்கச் சொல்லுவீங்க. ஒண்ணு பண்றேன். சுவரையும் எழுப்பறேன், நடந்த இடத்துல கதவும் வச்சிடறேன். சமையக்கட்டுக்கு ஒண்ணு, பெரியவருக்கு ஒண்ணு, சின்னவருக்கு ஒண்ணு. உங்களுக்கும் சுத்தற வேலை மிச்சம்."

"பிரமாதம்," என்றார் மாமனார். "ஜங்ஷன் மாதிரி!"

கட்டினார்கள். தரையில் பதித்த ஓடுகளைக் கொத்தி எடுத்தபோது வீடு முழுக்கத் தூசி பறந்தது. சாப்பாட்டில் நெறுநெறுத்தது, தலையணையில் நெறுநெறுத்தது. சித்தாள் சட்டி சட்டியாகக் கலவை சுமந்தாள். பதினோரு மணிக்கு அவளுக்கு இவள் போட்டுக் கொடுக்கும் டீயை இரண்டு பெண்களும் மணல் குவியல் மேல் உட்கார்ந்து பேசாமல் குடிப்பார்கள். நான்கு நாளில் சுவர் கூரையைத் தொட்டது. பூச்சு வேலை மூன்று நாள். சுவர் இறுகுவதற்காகத் தண்ணீர் அடிக்க வேண்டும் என்றார் கொத்தனார். காலையும் மாலையும் குழாயைப் பிடித்து அவளேதான் அடித்தாள். ஈரச் சுவரின் வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கையை அதில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று, கெட்டியாக, இனி யார் நடந்தாலும் அழியாததாக இருந்தது.

தச்சர் வந்து மூன்று கதவுகளையும் மாட்டினார். கையில் மூன்று தாழ்ப்பாள்தான் வைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"உள்பக்கம்," என்றாள் அவள். "ரூமுக்கு உள்ள."

"இரும்மாடி," என்றார் மாமனார். "என் ரூம்ல நான் துணி மாத்துவேன், குளிச்சுட்டு வந்து நிப்பேன். தாழ்ப்பாள் என் பக்கம் இல்லாட்டி எப்படி?"

"எனக்கும்தான் அண்ணி. கேமரா ஆன்ல இருக்கும்போது டொக்குனு கதவு திறந்தா, மானம் போயிரும்."

"சமையக்கட்டுப் பக்கக் கதவுக்கு வெளியதான் வேணும்," என்றான் கணவன். "எங்கயாவது ஊருக்குப் போனா அந்த ரூமைப் பூட்டிட்டுப் போகணும்ல? ஜன்னல் கம்பியை அறுத்துட்டு எவனாவது வந்தா வீட்டுக்குள்ள நுழைஞ்சிருவான்."

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. நியாயம் இல்லாததை அந்த வீட்டில் யாரும் கேட்டதே கிடையாது.

"அப்ப எனக்கு?"

தச்சர் அவளைப் பார்த்தார். "உள்பக்கத்துக்கும் மூணு வாங்கிட்டு வந்து நாளைக்குப் போட்டுர்றேன்ம்மா. அஞ்சு நிமிஷ வேலை." அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. போன் பண்ணினால், இதோ வர்றேன்ம்மா என்பார்.

பெயிண்ட் காய்ந்த பிறகு ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தாகிவிட்டது. அவள் அறைக்குள் வந்து வெறும் தரையில் படுத்தாள். வெளியே காற்று வேகமாக அடித்தது. கட்டில் வரவில்லை, அலமாரி வரவில்லை. நான்கு வெள்ளைச் சுவரும், மூன்று கதவும், ஒரு ஜன்னலும்.

கொழுந்தன் பக்கத்தில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மீட்டிங் ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மாமனார் பக்கம். தூங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அடைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார். பிறகு சமையலறைக் கதவு காற்றில் இரண்டு தடவை டமார் டமாரென்று அடித்தது. "சே, என்ன காத்து இது!" என்று மகளின் குரல். அந்தத் தாழ்ப்பாளும் விழுந்தது. மகள் படியேறிப் போனாள்.

மூன்றாவது சத்தத்துக்குத்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

எழுந்து உட்கார்ந்தாள். தட்டினால் திறந்துவிடுவார்கள். தட்டலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

"அம்மாடி, மணி நாலாச்சே. காபி?"

எழுந்து நின்றுவிட்டாள். கால் தானாக மேற்குக் கதவுக்குப் போயிற்று. கை தானாகத் தள்ளியது. கதவு அசையவில்லை. வர்றேன் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லையா, விடவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணி!"

"இந்தா! எங்க இருக்க?"

"அம்மா! அம்மா மாடியில இல்லப்பா." சமையலறையில், குளிர்சாதனப் பெட்டி மேலிருந்து, அவள் போன் மணியடித்து ஓய்ந்தது. "போனை இங்கயே வச்சுட்டுப் போயிருக்காங்க."

"துணி எடுக்கப் போயிருப்பா."

"துணி கொடியிலேயே இருக்கே. ரூம்லயும் இல்ல, வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கு."

காலடிகள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் போயின. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளியலறையைத் தட்டினார்கள். காரைப் பார்த்தார்கள். அவள் சுவரை உரசிக்கொண்டே மாமனார் நடந்து போனார். "காலையில ஒரு மாதிரியா இருந்தாளே, கவனிச்சியா நீ?" என்று மூத்த மகனிடம் கேட்டார். முன்வாசல் கதவு திறந்து மூடியது.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். வெயிலில் மூன்று ஆண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் கணவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பின்னால் கொழுந்தன், காதில் மாட்டியது கழுத்தில் தொங்க. கடைசியில் மாமனார், செருப்புக்கூட இல்லாமல், மூச்சு வாங்க. தென்னைகளைத் தாண்டினார்கள். நடை வேகமாகி ஓட்டமாயிற்று. தோட்டத்துக் கோடியில் இருக்கிற கிணற்றின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, கணவன் உள்ளே எட்டிப் பார்த்தான். விழுந்துவிடாமல் இருக்க மாமனார் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

ஒரு குரல் கொடுத்தால் அவர்களுக்குக் கேட்கிற தூரம்தான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, எவ்வளவு நேரம் அதற்குள்ளேயே தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.